ஒரு வாளி நீரில் கீரைப் பாத்தி

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

     

கல்வியின் மேன்மையைப் பற்றி எனக்கு முன் பேசிய நண்பர்கள் மூவரும் விரிவாக எடுத்துரைத்துவிட்டார்கள். நானும் அதனையே பேசுவேனாயின், ஒரே பாடத்தை நான்காம் முறை கேட்கும் மாணவனின் நிலைக்கு உங்களை ஆளாக்கியவன் ஆவேன். ஆதலின், என் நாற்காலிக்கு அருகே இருக்கும் இந்த வாளியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கூட்டத்திற்கு மோர் வந்திருக்கிறது என்று எண்ணிப் பெரியவர் ஒருவர் தம்ளர் கேட்டார். அவர் என்னை மன்னிக்க வேண்டும். மூடியின் மேலே தளதளவென்று நிற்பது கொடிப்பசலை. மூடியைத் தூக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். உள்ளே ஒரு பிடி மண்ணும் இல்லை. வெண்மையான வேர்கள் நீரில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

இம்முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். நீர், உழைப்பு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் இது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்னும் பேராசிரியர் 1937-இல் இதனை வழக்கிற்குக் கொண்டு வந்தார். தமிழில் மண்ணில்லாப் பயிர் வளர்ப்பு என்கிறோம்.

தலைமையாசிரியனாகிய நான் இவ்வேலையில் ஏன் இறங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் கூலிக்குக் களை பறித்தவர். களை என்று நிலக்காரர் பிடுங்கி எறியச் சொல்பவற்றுள் பண்ணைக்கீரை இருக்கும், பருப்புக்கீரை இருக்கும், குப்பைக்கீரையும் மணத்தக்காளியும் இருக்கும். அவற்றை ஆய்ந்து மடியில் கட்டிக்கொண்டு மாலையில் வீடு திரும்புவார். அரிசி இல்லாத நாட்கள் எங்கள் வீட்டில் உண்டு. கீரை இல்லாத நாட்கள் குறைவு. ஒருநாள் வரப்பில் நின்ற காவற்காரர் அம்மாவின் மடியை உதறிக் காட்டச் சொன்னார். நெற்கதிர் ஏதேனும் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதற்காம். அம்மா உதறினார். கீரை சேற்றில் விழுந்தது. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எனக்கு அப்போது எட்டு வயது, நானும் பொறுக்கினேன். இரவில் அந்தக் கீரையைத்தான் கடைந்து உண்டோம். அம்மா அதனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

இன்று அந்த மடிக்கீரையும் இல்லை. களைக்கொல்லி தெளிக்கும் வழக்கம் பரவிய பின்னர்க் களை பறிக்கும் கூலியும் குறைந்தது, கீரையும் அழிந்தது. தப்பித் தவறி முளைத்திருப்பதைப் பறிக்கவும் அச்சமாக இருக்கிறது. என்ன மருந்து அடித்தார்களோ, யார் அறிவார்? உழைக்கும் பெண்ணுக்கு விலையின்றிக் கிடைத்த ஓர் உணவு, இன்று காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. 2019–21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். காலை வணக்கக் கூட்டத்தில் தலைசுற்றி அமர்ந்துவிடும் மாணவிகளை ஆண்டுதோறும் காண்கின்ற எனக்கு இக்கணக்கு வியப்பளிக்கவில்லை. கீரை மட்டும் இதனைத் தீர்த்துவிடும் என்று நான் கூறமாட்டேன். பள்ளியில் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் சன்னலுக்கு வெளியே எறியும் பெண்பிள்ளைகள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். அவர்கள் முதலில் மாத்திரையை உண்ணட்டும். எனினும் வாரத்தில் மூன்று நாட்களேனும் தட்டில் கீரை இருக்க வேண்டுமல்லவா?

இருக்க வேண்டுமானால் எங்கே வளர்ப்பது? நம் தெருவை நீங்கள் அறிவீர்கள். மூன்று சென்ட் மனை, அதில் தொகுப்பு வீடு, பிள்ளைகள் தலையெடுத்த பின்னர்ப் பின்புறத்தில் ஓர் அறை, சுவரோடு சுவர். வாசலில் சிமெண்டுச் சாலை. ஒரு பாத்தி கட்டவும் இடமில்லை. மேலே தளம் இருக்கிறது. ஆனால் மண் நிரப்பிய தொட்டிகளை வரிசையாக ஏற்றினால், பழைய தளம் தாங்குமா என்ற ஐயம் எழுகிறது. அப்படித்தான் நான் வாளிக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் வாளியைத் திண்ணையில் வைத்த அன்று எதிர்வீட்டு மூதாட்டியார் வந்து பார்த்தார். “ஏம்பா வாத்தியாரே, மண்ணுச் சாரம் இல்லாம வெறுந்தண்ணியில வளர்ற கீரையில என்னா சத்து இருக்கப் போவுது?” என்று கேட்டார். இதே வினாவைத்தான் ஐரோப்பிய அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஹெல்மாண்ட் என்னும் அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியிலிட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணோ இரண்டு அவுன்சு அளவே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைவிற்குப் பின் 1648-இல் இச்செய்தி அச்சேறியது. கண்டது சரி, முடிவு பாதி தவறு. செடி காற்றிலிருந்தும் உணவு எடுக்கிறது என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திலர். குறைந்துபோன அந்த இரண்டு அவுன்சைப் பொருட்படுத்தாமல் விட்டதுதான் அவர் செய்த பெரும்பிழை. 1699-இல் உட்வர்டு என்பவர் புதினாவை மழைநீரிலும், ஆற்றுநீரிலும், தோட்டமண் கலந்த நீரிலும் வளர்த்துப் பார்த்தார். மண் கலந்த நீரில் வளர்ந்த செடியே மிகுதியாக வளர்ந்தது. ஆகவே, அந்த இரண்டு அவுன்சில்தான் ஏதோ இருக்கிறது! 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செருமானிய அறிஞர்களாகிய சாக்ஸ், நாப் ஆகிய இருவரும் அந்த ஏதோ என்பது சில உப்புகளே என்று காட்டினார்கள். அவ்வுப்புகளை நீரில் கரைத்து, மண் சிறிதுமின்றிச் செடிகளை வளர்த்தும் காட்டினார்கள்.

செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17 என்று இன்று கணக்கிடுகிறார்கள். கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மெக்னீசியம், கந்தகம் ஆகிய ஆறும் கூடுதலாக வேண்டும். இரும்பு, துத்தநாகம், போரான் முதலிய ஏனையவை கிள்ளி எடுத்த அளவே வேண்டும். சாணத்திலிருந்து வந்த நைட்ரேட்டா, சாக்குப்பையிலிருந்து வந்த நைட்ரேட்டா என்று வேர் கேட்பதில்லை. இதனை நான் விளக்கியபோது, “வேரு ஒண்ணுதாம்பா கேக்காது” என்று மூதாட்டியார் சொல்லிவிட்டுப் போனார். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். இளைஞர்கள் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளலாம்.

இம்முறையில் பல வகைகள் உள. குழாய்களில் நீரை மோட்டார் கொண்டு ஓட்டும் வகையும் உண்டு. காற்றுக் குமிழிகளைச் செலுத்தும் வகையும் உண்டு. நமக்கு ஏற்றது மோட்டாரும் மின்சாரமும் வேண்டாத வகை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராட்கி என்னும் பேராசிரியர் இதனைச் செம்மைப்படுத்திப் பரப்பியமையால் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் உள்ளுறை இதுதான்: மூடியில் தொங்கும் சிறு குவளையின் அடி, தொடக்கத்தில் நீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மூடிக்கும் நீருக்கும் இடையே காற்றுவெளி உண்டாகும். அவ்வெளியில் நிற்கும் மேல்வேர்கள் காற்றை உண்ணும். நீரில் மூழ்கிய கீழ்வேர்கள் நீரையும் உப்பையும் உண்ணும். மட்டம் இறங்கிவிட்டதே என்று இரக்கப்பட்டு மறுபடியும் விளிம்பு வரை நிரப்புகிறவர் செடியைக் கொன்றுவிடுகிறார். காற்றுக்குப் பழகிய வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். என் இரண்டாவது வாளி இப்படித்தான் மாண்டது. நீர் கால்பங்காகக் குறைந்த பின் அரைப்பங்கு வரை மட்டும் ஊற்றுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

வாளியாக, சிற்றுண்டிக் கடைகளில் சமையல் எண்ணெய் வரும் மூடியுள்ள வாளி போதும். வண்ணப்பூச்சு வந்த வாளியையும், பூச்சிமருந்து வந்த கலனையும் எத்தனை முறை கழுவினாலும் தொடவேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்பிட்டுக் கழுவி, வெளிப்புறம் முதலில் கருப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசுங்கள். கருப்பு ஒளியைத் தடுக்கும். வெள்ளை வெயிலைத் திருப்பும். இதனைச் செய்யாமல் நான் வைத்த முதல் வாளியில் பத்தே நாளில் பாசி பிடித்து, நீர் பச்சைக் குழம்பாயிற்று. பாசியும் செடிதானே? நான் கலந்த சத்தை அதுவே உண்டு கொழுத்தது. போதாக்குறைக்கு மூடியின் இடுக்கு வழியே கொசு புகுந்து முட்டையிட்டுவிட்டது. டெங்குக் கொசு நல்ல நீரிலேயே வளர்வது. வீடு வீடாகத் தொட்டி பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர், மூடியைத் திறந்து நெளியும் புழுக்களைக் கண்டு, தம் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் தலைமையாசிரியர் வீடாயிற்றே என்று ஒன்றும் பேச இயலாமல் நின்றார். எனக்கு நாணமாகப் போயிற்று. மூடி இறுக்கமாக இருக்கட்டும். குவளைக்கும் துளைக்கும் இடையே இடுக்கு இருந்தால் பழைய கொசுவலைத் துணியைச் சுற்றி அடைத்துவிடுங்கள்.

நீருக்கு மழைநீரே தலைசிறந்தது. குழாய்நீரில் குளோரின் இருப்பின் ஒருநாள் திறந்து வைத்த பின் பயன்படுத்துங்கள். உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுவோர் உண்டு. அதில் உப்பு இரு மடங்காகச் செறிந்திருக்கக்கூடும். அதனைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஐயமிருப்பின் வேளாண்மைத் துறையின் ஆய்வகத்தில் ஒரு புட்டி நீரைக் கொடுத்தால் சோதித்துத் தருவார்கள்.

சத்துநீரே இதில் உயிர்நாடி. சொட்டுநீர்ப் பாசனத்திற்கு உரம் விற்கும் கடைகளில் நான்கு பொருள்களைக் கேளுங்கள்: கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் என்னும் 13:0:45, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் என்னும் 0:52:34, மெக்னீசியம் சல்பேட். இவற்றோடு இரும்புச்சத்துச் சேர்ந்த நுண்ணூட்டக் கலவை ஒரு சிறு பொட்டலம். வயலுக்கு இடும் யூரியாவைக் கொண்டு இதனைச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை மாற்றிக் கொடுக்கின்றன. வாளியில் அவ்வேலையைச் செய்யப் போதிய நுண்ணுயிர்கள் இல்லை. ஆகவே வேண்டாம்.

இரண்டு புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதற்புட்டியில் 140 கிராம் கால்சியம் நைட்ரேட்டை நீரில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். இரண்டாம் புட்டியில் பொட்டாசியம் நைட்ரேட் 80 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 30 கிராம், மெக்னீசியம் சல்பேட் 80 கிராம் ஆகியவற்றைக் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். வாளியில் 10 லிட்டர் நீர் ஊற்றி, முதற்புட்டியிலிருந்து 50 மில்லி விட்டு நன்றாகக் கலக்கிய பின்னரே இரண்டாம் புட்டியிலிருந்து 50 மில்லி விட வேண்டும். நுண்ணூட்டத்தைப் பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவுப்படி சேருங்கள். இளஞ்செடிக்கு முதல் வாரம் இவ்வளவில் பாதி போதும்.

ஏன் இரு புட்டிகள்? ஒன்றிலேயே கலந்துவிட்டால் வேலை மிச்சமாயிற்றே என்று நானும் எண்ணினேன், அப்படியே செய்தேன். கலவை பால்போல் வெளுத்து, மறுநாள் அடியில் சுண்ணாம்புபோல் படிந்துவிட்டது. கால்சியம் செறிவான நிலையில் சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் சந்தித்தால் கரையாப் பொருளாகிவிடும் என்பது பத்தாம் வகுப்பில் நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய வீழ்படிவுப் பாடம்தான். கைப்பொருளைக் கரைத்த பின்பே அப்பாடம் எனக்கு விளங்கிற்று. மாணவர்களே, உங்கள் வேதியியல் நூல் அலமாரியில் மட்டும் இல்லை. இந்தப் புட்டிகளிலும் இருக்கிறது.

இவ்வுப்புகள் உண்ணும் பொருள்கள் அல்ல. குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், அடுப்பிற்கு அப்பால், பெயர் எழுதி இறுக மூடி வையுங்கள். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் துணிச்சல் எவருக்கும் வேண்டாம்.

எதை வளர்ப்பது? கைப்பேசியில் வரும் காணொளிகளில் காட்டும் லெட்டூஸ் என்னும் இலைக்கோசு குளிர்நாட்டுச் செடி. நம் வீட்டில் அதனை உண்பாரும் இல்லை; நம் வெயிலில் அது கசந்துபோகும். நான் பரிந்துரைப்பது கொடிப்பசலை. ஒரு சாண் அளவுள்ள தண்டை வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, வெறுநீரில் நிறுத்தினால் ஏழெட்டு நாளில் வேர் விடும். புதினாவும் அவ்வாறே. வள்ளைக்கீரையோ நீரிலேயே பிறந்தது. அதற்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. இம்மூன்றும் கைவந்த பின்னர்த் தண்டுக்கீரை, சிறுகீரை, பாலக்கீரை ஆகியவற்றை விதையிலிருந்து தொடங்கலாம். துளையிட்ட குவளையில், உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, விதையைத் தூவி, நிழலில் ஈரமாக வையுங்கள். மூன்று இலை வந்த பின் வாளி மூடிக்கு மாற்றுங்கள்.

வாளிக்குக் காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படட்டும். உச்சி வெயில் வேண்டாம். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் இருப்பது, 30 பாகையில் ஏழரை மில்லிகிராமாகிவிடும். வேரழுகல் நோய்க்கும் அதுவே நல்ல காலம். ஆகவே வாளியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டுங்கள். சித்திரை வைகாசியில் பசலையும் வள்ளையும் தவிர மற்றவற்றை நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

செடி நோயுற்றால் அதன் இலையே வாய் திறந்து சொல்லும். அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. தாய் தன் பங்கை எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் முதிர்ந்த இலை தன் தழைச்சத்தைக் குருத்திற்கு அனுப்பிவிட்டுத் தான் வாடுகிறது. இரும்பு அவ்வாறு இடம் பெயராது. ஆதலின் இரும்புக் குறைவு குருத்திலேயே தெரியும். குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், உப்பு போதவில்லை என்று மேலும் கொட்டாதீர்கள். நம் கிணற்று நீரின் காரத்தன்மையால் இரும்பு செடிக்கு எட்டாமல் போயிருக்கக்கூடும். நீரின் பி.எச். அளவு ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே இருப்பது நலம். அதனைக் காட்டும் வண்ணத்தாள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. கேட்டால் ஆசிரியர்கள் தருவார்கள். அளவு ஏறியிருப்பின் மழைநீர் கலந்து புதிய சத்துநீர் செய்வதே எளிய மருந்து. அறுவடைக்குப் பின் எஞ்சிய சத்துநீரைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ ஊற்றாமல், தெருவில் நிற்கும் முருங்கைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள்.

இனி ஒரு கசப்பான செய்தி. நம் தெரு இளைஞர் ஒருவர், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் இருந்தவர், இம்முறையால் மாதந்தோறும் பெரும்பணம் ஈட்டலாம் என்ற விளம்பரத்தைக் கண்டார். அக்காவின் நகையை அடகு வைத்து, குழாய்களும் மோட்டாரும் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கித் தளத்தில் அமைத்தார். குழாயில் ஓடும் நீர் மிக மெல்லியது. மோட்டார் நின்றால் வேருக்குச் சேமிப்பு இல்லை. பங்குனியில் ஒருநாள் நண்பகலில் மின்சாரம் போயிற்று. மாலைக்குள் செடிகள் அனைத்தும் தலைசாய்ந்தன. விற்றவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை; நாளை வேறு பெயரில் வேறு ஒருவர் வருவார். அந்த இளைஞர் இன்று இக்கூட்டத்திற்கு வரவில்லை. வெட்கப்பட வேண்டியவர் அவர் அல்லர் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

அவ்விளம்பரங்கள் கூறும் பத்து மடங்கு விளைச்சலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கெரிக் 25 அடி உயரத் தக்காளிக் கொடியைக் காட்டி அமெரிக்கரை வியப்பில் ஆழ்த்தியபோது, மக்கள் ஏமாற்றுக்காரர்களிடம் கருவிகள் வாங்கத் தொடங்கினார்கள். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்டு, ஆர்னன் ஆகிய இருவரும் 1938-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, நல்ல மண்ணில் விளைவதைவிட இம்முறையில் இயல்பாகவே மிகுதியாக விளைந்துவிடாது என்று எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் வகுத்த சத்துநீரை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறோம். அவர்கள் விடுத்த எச்சரிக்கையைத்தான் மறந்துவிட்டோம். நம் நாட்டிலும் 1946-இல் வங்காளத்தின் காலிம்பாங்கில் டக்ளஸ் என்பவர் விலையுயர்ந்த கருவிகளின்றி, சல்லியும் உலர் உரமும் கொண்டு எளியோர் செய்யத்தக்க முறையை வகுத்தார். எளிய வழி புதியதன்று. விற்பவனுக்கு அதில் இலாபம் இல்லை, அவ்வளவே. ஆகையால் ஓராண்டேனும் வாளியில் பழகாமல், ஒரு ரூபாயும் கடன் வாங்காதீர்கள். அதன் பின்னும் தொழிலாகச் செய்ய விரும்பினால், மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்திற்கு நேரில் சென்று கேளுங்கள். வாங்குவோர் யார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

அந்த விளம்பரத்தில் இன்னொரு வரியும் இருந்தது: “நிலமே தேவையில்லை.” அதனைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை 1891-இல் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892-இல் அரசு நமக்கென நிலம் ஒதுக்க முன்வந்தது. முதல் பத்தாண்டுகள் எவருக்கும் விற்கலாகாது, பின்னரும் நம்மவர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது அதன் கட்டளை. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவதும், தேடுவதும், நீதிமன்றப் படியேறுவதும் அந்நிலத்திற்காகவே. நீரும் நமக்கு எளிதாய்க் கிடைத்ததன்று. 1927-இல் மகாத் ஊரின் பொதுக்குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருக அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. மண்ணில்லாமலும் பயிர் வளரும் என்பது அறிவியல். ஆகவே உனக்கு மண் எதற்கு என்று எவரேனும் கேட்டால், அது அறிவியல் அன்று. இந்த வாளியில் நெல் விளையாது, கேழ்வரகு விளையாது, துவரை விளையாது. கீரை விளையும். கீரைக்கு வாளி, சோற்றுக்கு நிலம். பட்டா நகலையும் நிலப் பதிவேட்டையும் கேட்டு எழுதும் மனுவை நம் சங்கம் நிறுத்தப் போவதில்லை. அவ்வேலை செயலாளர் பொறுப்பில் இருக்கிறது.

என் தாயார் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த வாளியைக் கண்டு என்ன சொல்லியிருப்பார் என்று சில நேரம் எண்ணுவதுண்டு. கீரையை ஆய்ந்து பார்த்துவிட்டு, உப்புப் போட்டாயா என்று கேட்டிருப்பார். ஆமாம், நான்கு வகை உப்புப் போட்டிருக்கிறேன் என்று நான் சொல்லியிருப்பேன்.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். சங்கக் கட்டடத்தின் பின் திண்ணையில், கிழக்குப் பார்த்த இடத்தில், எட்டு வாளிகள் வைத்திருக்கிறேன். முதற்புட்டியும் இரண்டாம் புட்டியும் நூலக அலமாரியின் மேல்தட்டில் பூட்டி உள்ளன. சாவி நூலகரிடம் இருக்கிறது. பசலைத் தண்டுகளையும் புதினாத் தண்டுகளையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்திருக்கிறேன். வீட்டிற்கு இரண்டு தண்டுகள் வீதம் எடுத்துச் செல்லலாம். இன்றிரவே ஒரு தம்ளர் நீரில் நிறுத்திவிடுங்கள். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வேர் விட்ட தண்டையும் மூடியுள்ள ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் சத்துநீர் கலந்து தருகிறேன். வேர் விடாதவர்களும் வரலாம்; ஏன் விடவில்லை என்று பார்ப்போம்.